ஆறு வாரத்து நிரந்தரம்

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் ‘பெர்ம்’ என்று சொன்னால், சுருள் முடியை நேராக்கிக்கொள்வது என்று பொருள். வெள்ளையினப் பெண்கள் அதே சொல்லை நேர்முடியைச் சுருட்டிக்கொள்வதற்குப் பயன்படுத்துகிறார்கள். இரண்டுக்கும் மூலம், நிரந்தரம் என்று பொருள்படும் ‘பெர்மனென்ட்’. பசை தடவி நேராக்கிய முடி மறுபடி சுருளாது என்பது உண்மைதான். ஆனால் வேரிலிருந்து புதிதாக வரும் முடி, மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வீதம், பிறந்தபடியே சுருண்டுதான் வளரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் அது கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிடும். உடனே மறுபடியும் பார்லர், மறுபடியும் பசை. நிரந்தரத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

அந்தப் பசையின் பெயர் ‘ரிலாக்ஸர்’. தளர்த்துவது, இறுக்கத்தைப் போக்குவது. முடி ஏதோ இறுக்கத்தில் தவித்தது போலவும் அதற்கு ஓய்வு கொடுப்பது போலவும் ஒரு பெயர். உண்மையில் அந்த முடியைக் கண்டு இறுக்கமடைந்தவர்கள் வேறு.

இந்தச் சுழற்சியை நிறுத்திவிட்டு, பசை பட்ட முடியை ஒரேயடியாக வெட்டியோ கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்தோ, தன் முடியைத் தன் போக்கில் வளரவிடுவதை அந்தப் பெண்கள் ‘ட்ரான்ஸிஷன்’ என்கிறார்கள். மாறிச் செல்லுதல். 2000க்குப் பிறகு ஏராளமானோர் இப்படி மாறினார்கள். இதைத் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்வது எளிது: முன்பு அவள் தன்னை வெறுத்தாள், இப்போது நேசிக்கிறாள். அப்படிச் சொன்னால், ஒரு நூற்றாண்டு முழுக்கத் தலைமுடியை நேராக்கிக்கொண்ட பெண்கள் எல்லாரும் ஏமாளிகள் ஆகிவிடுவார்கள். எனக்குத் தெரிந்தவரை, அவர்களுடைய கூந்தலின் கதை பெரும்பாலும் கூலியின் கதைதான்.

ரோமம் என்று பெயரிட்டவர்கள்

1786இல் லூசியானா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. ஆளுநர் எஸ்தேபான் மிரோ ஓர் ஆணை பிறப்பித்தார். அடிமைகளாக இல்லாத, சுதந்திரமான கறுப்பின, கலப்பினப் பெண்களும் இனிமேல் தலையைத் துணியால் மூடிக்கட்ட வேண்டும். அவர்கள் நகைகளும் இறகுகளும் சூடிய கூந்தலோடு நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் நடந்தது ஆட்சியாளர்களை உறுத்தியது. தலைத்துணி அடிமைப் பெண்களின் அடையாளம். சுதந்திரமானவளையும் பார்த்த மாத்திரத்தில் கீழே வைக்க அந்தத் துணி போதும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தப் பெண்கள் விலையுயர்ந்த வண்ணத் துணிகளை வாங்கி விதவிதமாகக் கட்டிக்கொண்டார்கள். தலையை மூடச் சொன்ன ஆணை, அழகாக மூடக் கூடாது என்று சொல்ல மறந்திருந்தது.

தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. தலைசீவ ஞாயிற்றுக்கிழமை மட்டுமே நேரம் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் அவர்கள் பயன்படுத்திய நீளப்பல் சீப்புகள் அங்கே இல்லை. ஆட்டு ரோமத்தைச் சிக்கெடுக்கும் கருவியால் தலைவாரினார்கள். கிடைத்த கொழுப்பை எண்ணெயாகத் தடவினார்கள். எஜமானர்களோ அதை முடி என்றே சொல்லவில்லை. ரோமம் என்றார்கள்.

அங்கிருந்துதான் ‘நல்ல முடி’, ‘கெட்ட முடி’ என்ற பாகுபாடு குடும்பங்களுக்குள் இறங்கியது. வெள்ளையருடையதற்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்ல முடி. கெட்ட முடிக்கு வழங்கிய சொல் ‘நாப்பி’. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தால் நாக்கில் முதலில் வருவது ‘பரட்டை’. சிக்கும் சுருளும் கலந்த தலை, அதோடு கவனிப்பாரற்ற, ஒழுங்கற்ற, மதிக்கத் தேவையில்லாத ஆள். முடியைச் சொல்லி ஆளையே ஒதுக்கும் வேலையை இரண்டு சொல்லும் செய்கின்றன.

சலவைத் தொட்டியிலிருந்து

மேடம் சி. ஜே. வாக்கர் என்று வரலாறு அறியும் சாரா பிரீட்லவ் 1867இல் லூசியானாவின் பருத்தித் தோட்டமொன்றில் பிறந்தார். அடிமைமுறை ஒழிந்தபின் அந்தக் குடும்பத்தில் பிறந்த முதல் குழந்தை. ஏழு வயதில் பெற்றோரை இழந்தார். பதினான்கில் திருமணம். இருபதில் கணவர் இறந்தார், கையில் பெண் குழந்தை. செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வந்து ஊரார் துணிகளைத் துவைத்துப் பிழைத்தார். அவருக்கு முடி கொட்டத் தொடங்கியது. வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லாத ஏழைப் பெண்களுக்கு அடிக்கடி தலைகுளிப்பது முடியாத காரியம். தலைத்தோல் நோய்கள் சாதாரணமாக இருந்தன. வாக்கரின் முதல் சரக்கு முடியை நேராக்கும் பொருளே அல்ல, முடி வளர்க்கும் களிம்பு. அதற்கு முன் ஆனி டர்ன்போ மலோன் என்ற இன்னொரு கறுப்பினப் பெண்மணியின் நிறுவனத்தில் விற்பனை முகவராக இருந்தார். சூடாக்கிய இரும்புச் சீப்பை வாக்கர்தான் கண்டுபிடித்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது அவருக்கு முன்பே ஐரோப்பாவில் இருந்தது. கறுப்பினப் பெண்களிடையே அதன் பயன்பாட்டைப் பெருக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு.

அன்றைய கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்த வேலைகள் மிகச் சில: வயல், வெள்ளையர் வீட்டுச் சமையல், துணி துவைத்தல், பிள்ளை வளர்த்தல். வாக்கரும் மலோனும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இன்னொரு தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள். 1917இல் வாக்கரின் முகவர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் பிலடெல்பியாவில் மாநாடு கூட்டினார்கள். விற்பனை பற்றிப் பேசியதோடு நிற்காமல், கறுப்பின மக்களைக் கும்பல் சேர்ந்து கொல்வதைக் கண்டித்து அதிபர் உட்ரோ வில்சனுக்குத் தந்தி அனுப்பினார்கள். சீப்பும் களிம்பும் விற்ற பெண்களின் மாநாடு அது.

இந்த இழை அறுபடவில்லை. தென் கரோலினாவில் செப்டிமா கிளார்க் அரசுப் பள்ளி ஆசிரியை. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்திலிருந்து விலக மறுத்ததற்காக 1956இல் அவருடைய வேலை போயிற்று. மறு ஆண்டு ஜனவரியில் ஜான்ஸ் தீவில், கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள எழுதப் படிக்கக் கற்பிக்கும் வகுப்பு தொடங்கியது. முதல் ஆசிரியை கிளார்க்கின் உறவினர் பெர்னிஸ் ராபின்சன். அவர் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். அழகுக்கலை நிலையம் நடத்தியவர். அவருடைய வருமானம் கறுப்பினப் பெண்களிடமிருந்து வந்தது. எந்த வெள்ளையின அதிகாரியும் அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. தலைமுடியை நேராக்கிக் கிடைத்த காசுதான் அவரை நிமிர்ந்து நிற்க வைத்தது என்பதைப் பெண்ணிய வரலாறு மறந்துவிடக் கூடாது.

காஸ்டிக் சோடா

சூட்டுச் சீப்பின் பலன் தண்ணீர் படும்வரைதான். மழை, வியர்வை, நீச்சல் எல்லாமே பகை. அந்தக் குறையைத் தீர்க்க வந்தது வேதிப் பசை. முதலில் அது ஆண்களிடம் இருந்தது. காஸ்டிக் சோடா வகையான ‘லை’யோடு உருளைக்கிழங்கும் முட்டையும் கலந்து வீட்டிலேயே குழைத்துத் தலையில் பூசி எரிச்சலைத் தாங்கிக்கொண்டதை மால்கம் எக்ஸ் தன் சுயசரிதையில் அவமானத்தோடு நினைவுகூர்கிறார். சிகாகோவில் 1954இல் ஜார்ஜ் ஜான்சன் தொடங்கிய கறுப்பின நிறுவனம் அந்தப் பசையைக் கொஞ்சம் பாதுகாப்பானதாக்கி விற்றது. 1950களின் இறுதியில் பெண்களுக்கான சரக்கும் வந்தது. 1971இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒன்றில் பட்டியலிடப்பட்ட முதல் கறுப்பின நிறுவனமாக அது ஆனது.

முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. புரத இழைகளைக் குறுக்கே கட்டி வைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். சுருளுக்கு அதன் வடிவத்தைத் தக்கவைத்துத் தருபவற்றில் இவை முக்கியமானவை. ரிலாக்ஸரில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது நம் ஊரில் சோப்புக் காய்ச்சவும் அடைத்துக்கொண்ட குழாயைத் திறக்கவும் பயன்படுகிற காஸ்டிக் சோடா, அந்தக் கட்டுகளை உடைத்துவிடுகிறது. பிறகு சுருளுக்குத் திரும்ப வழியில்லை. ‘லை இல்லாதது’ என்ற பெயரோடு பின்னால் வந்தவற்றிலும் வேறு கடுமையான காரங்கள்தான் இருந்தன. பசை போடுவதற்கு முந்தைய நாட்களில் தலையைச் சொறியக் கூடாது என்பது கறுப்பினச் சிறுமிகள் மனப்பாடமாக அறிந்த விதி. நகம் பட்ட இடத்தில் பசை பட்டால் தோல் வெந்துவிடும். பெட்ரோலியம் ஜெல்லியைத் தலைத்தோலிலும் காதோரத்திலும் அப்பிக்கொண்டு, எரிந்தாலும் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் இன்னும் நேராகும் என்று உட்கார்ந்திருப்பார்கள்.

இதற்குள் அன்பும் இருந்தது என்பதுதான் விஷயத்தைச் சிக்கலாக்குகிறது. பெல் ஹூக்ஸ் 1988இல் எழுதிய கட்டுரையில், சமையலறையில் அம்மாவும் சகோதரிகளும் கூடி, அடுப்பில் சூடேறும் சீப்போடு தலைவாரிக்கொண்ட நாட்களை ஆண்கள் இல்லாத ஒரு தனி உலகமாக நினைவுகூர்கிறார். அதே கட்டுரையில், அந்த வழக்கத்தின் பின்னால் நிற்கும் வெள்ளை ஆதிக்கத்தையும் சொல்கிறார். எத்தனை முயன்றாலும் நேராகாமல் பிடரியில் சுருண்டே கிடக்கும் முடிக்கு அவர்கள் பேச்சில் ‘கிச்சன்’ என்றே பெயர்.

நீதிமன்றத்தில் ஒரு பின்னல்

1960களின் இறுதியில் ‘ஆஃப்ரோ’ வந்தது. நேராக்காமல், தலையைச் சுற்றி ஒளிவட்டம் போல நிற்கும் முடி. 1970இல் ஏஞ்சலா டேவிஸை எஃப்பிஐ தன் ‘தேடப்படும் பத்துப் பேர்’ பட்டியலில் சேர்த்து, அவர் படத்தை நாடெங்கும் ஒட்டியது. அந்தப் படத்தில் இருந்தது போன்ற முடி வைத்திருந்த எத்தனையோ கறுப்பினப் பெண்களைக் காவலர்கள் நிறுத்தி விசாரித்தார்கள். டேவிஸ் 1972இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். இருபது ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கசப்பு இருக்கிறது: தன் அரசியல் மறைந்து, தான் ஒரு சிகை அலங்காரமாக மட்டும் நினைவுகூரப்படுகிறோம் என்ற கசப்பு.

போராட்டத்தின் வேகம் தணிந்தபோது பெண்கள் அலுவலகங்களுக்குப் போனார்கள். அங்கே விதிகள் காத்திருந்தன. ரெனே ரோஜர்ஸ் பெரிய விமான நிறுவனம் ஒன்றின் ஊழியர். தலையோடு ஒட்டி வரிசை வரிசையாகப் பின்னும் ‘கார்ன்ரோ’ பின்னலுக்கு நிறுவனம் விதித்த தடையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1981இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னல் என்பது எளிதில் மாற்றிக்கொள்ளக்கூடியது, இனத்தின் மாறாத இயல்பு அல்ல என்பது அதன் வாதம். போதாக்குறைக்கு, அந்தப் பின்னல் பிரபலமானது 1979இல் வந்த ஒரு படத்தில் வெள்ளையின நடிகை போ டெரிக் அணிந்த பிறகுதான் என்ற நிறுவனத்தின் பேச்சும் தீர்ப்பில் இடம்பிடித்தது. ஆப்பிரிக்காவில் தொன்றுதொட்டு வரும் பின்னலுக்கு ஹாலிவுட்டில் பிறப்புச் சான்றிதழ்!

மாற்றிக்கொள்ள முடிந்தது எதுவானாலும் மாற்றிக்கொள் என்று சட்டம் சொன்னது. மாற்றிக்கொள்வதற்கு என்ன விலை என்று அது கேட்கவில்லை. 2016இல்கூட, சடைமுடியை வெட்ட மறுத்ததால் கைக்கு வந்த வேலையை இழந்த அலபாமா பெண் ஒருவரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே தர்க்கத்தைத்தான் திரும்பச் சொன்னது. சிமமாண்டா அடிச்சியின் ‘அமெரிக்கானா’ நாவலில் நேர்காணலுக்காக இஃபமெலு ரிலாக்ஸர் போட்டுக்கொண்டு தலைத்தோல் வெந்துபோகும் பகுதியை இந்தத் தீர்ப்புகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

கலிஃபோர்னியா 2019இல் ‘கிரவுன் சட்டம்’ கொண்டுவந்தது. முன்மொழிந்தவர் ஹாலி மிட்செல் என்ற கறுப்பினப் பெண் செனட்டர். இனம் என்பதன் வரையறையில் முடியின் தன்மையும், பின்னல், சடை போன்ற சிகை வகைகளும் அடங்கும் என்று அச்சட்டம் எழுதியது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நாடு முழுமைக்குமான மசோதா 2022இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் நிறைவேறவில்லை. டெக்சாஸில் இத்தகைய சட்டம் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதே வாரத்தில் ஒரு கறுப்பின மாணவனைச் சடைமுடிக்காகப் பள்ளி வகுப்பிலிருந்து விலக்கியது. சட்டம் வகையைப் பற்றித்தான் சொல்கிறது, நீளத்தைப் பற்றிச் சொல்லவில்லை என்ற பள்ளியின் வாதத்தை நீதிமன்றம் ஏற்றது. 1786இன் தலைத்துணி ஆணையில் பெண்கள் ஓட்டை கண்டுபிடித்தார்கள். இப்போது ஓட்டை கண்டுபிடிப்பது நிறுவனங்களின் முறை.

எல்லைக்கோடு

பசையை நிறுத்திய பெண்ணின் தலையில் சில மாதங்களுக்கு இரண்டு வகை முடி இருக்கும். வேர்ப்பக்கம் சுருள், நுனிப்பக்கம் நேர். இரண்டும் சந்திக்கும் இடத்தை எல்லைக்கோடு என்கிறார்கள். முடியிலேயே பலவீனமான இடம் அதுதான். சீப்பு வேகமாகப் பட்டால் அங்கேதான் ஒடியும். அதனால் சிலர் ஒரே நாளில் நேரான பகுதி முழுவதையும் வெட்டிவிடுவார்கள். அதற்குப் பெயர் ‘பிக் சாப்’, பெருவெட்டு. ஓரங்குலச் சுருளோடு மறுநாள் அலுவலகம் போக வேண்டும். அதற்கு முடியாதவர்கள் ஓராண்டு, இரண்டாண்டு என்று மெல்ல மெல்ல நுனியைக் கத்தரித்து, ஈரத்தில் விரலால் சிக்கெடுத்து, முறுக்கிக் கட்டி, பின்னலிட்டு இரண்டு முடியையும் ஒன்றுபோலத் தெரியச் செய்து காத்திருப்பார்கள். ஆறேழு வயதிலேயே பசை பழகியவர்கள் முப்பது, நாற்பது வயதில்தான் தங்கள் முடி எப்படிச் சுருளும் என்பதை முதல்முறையாகப் பார்த்தார்கள். அதைப் பராமரிக்கும் அறிவு அவர்களுடைய பாட்டிகளோடு போய்விட்டிருந்தது. முன்பின் தெரியாத பெண்கள் காணொளிகளிலும் வீட்டுக் கூடங்களிலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து அதை மறுபடி உண்டாக்கினார்கள்.

அங்கேயும் படிநிலை நுழைந்தது. 1990களில் ஒரு சிகைக் கலைஞர் வகுத்த ஒன்று முதல் நான்கு வரையான முடிவகைப் பட்டியல் பரவியது. நேர்முடிக்கு எண் ஒன்று, மிக நெருக்கமான சுருளுக்குக் கடைசி எண். தளர்ந்த சுருள் கொண்ட பெண்களே விளம்பரங்களுக்கு அழைக்கப்பட்டார்கள். ‘நல்ல முடி’ வேறு உடை உடுத்தித் திரும்பி வந்தது.

2022 அக்டோபரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. 33,497 பெண்களைச் சுமார் பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தது. முடியை நேராக்கும் வேதிப்பொருள்களைத் தொடாதவர்களில் 70 வயதுக்குள் அந்நோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு என்றும், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 விழுக்காடு என்றும் மதிப்பிட்டார்கள். தொடர்பு இருக்கிறது என்றுதான் ஆய்வு சொல்கிறது. இதுதான் காரணம் என்று அது நிறுவவில்லை. ஆனால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு எட்டு முறை. வேலைக்காக முடியை நேராக்கிய தலைமுறைக்கு அந்த எண்ணிக்கை என்னவாகக் கேட்டிருக்கும்! வழக்குகள் சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகத் திரட்டப்பட்டன.

திருமலையிலிருந்து

மாறிச் செல்லும் காலத்தில் வளரும் முடியைப் பாதுகாக்க, அதைப் பின்னி உள்ளே அடக்கி, மேலே வேறு முடியைத் தைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அந்த வேறு முடியில் ஒரு பகுதி நம் பக்கத்திலிருந்து போகிறது. கிறிஸ் ராக் 2009இல் எடுத்த ‘குட் ஹேர்’ ஆவணப்படம், தனக்கு ஏன் நல்ல முடி இல்லை என்று அவருடைய சின்ன மகள் கேட்ட கேள்வியில் தொடங்கித் திருப்பதி வரை வந்தது. நேர்த்திக்கடனாக இறக்கிய முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் குறைந்ததற்கோ மகளுக்கு வரன் அமைந்ததற்கோ தலையைக் கொடுத்துவிட்டு வரும் பெண்ணுக்கு, அந்த முடிக்கு ஒரு விலை உண்டு என்பதே பெரும்பாலும் தெரியாது. ஏலத்தொகையில் அவளுக்குப் பங்கும் இல்லை. அதை வாங்கித் தலையில் தைத்துக்கொள்ளும் பெண்ணோ ஒரு மாதச் சம்பளத்தைக்கூடக் கொடுக்கலாம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இரண்டு பெண்கள். நடுவில் ஒரு நீண்ட வணிகம்.

நம் பார்லர்களில் நடக்கும் ஸ்மூத்தனிங்கையும் கெராட்டினையும் இந்த வரலாற்றோடு அப்படியே சமன்படுத்த முடியாது. அடிமைமுறையும் இனவாதமும் அந்தப் பெண்களின் தலையில் எழுதியவை வேறு. சங்கப் புலவர்கள் பெண்ணின் கூந்தலுக்கு ஆற்றங்கரைக் கருமணலின் நெளிவை உவமை சொன்னார்கள். நெளிவு அன்று அழகின் இலக்கணம். இன்று எண்ணெய் வைத்துப் படிய வாராத சுருட்டைத் தலைப் பிள்ளையைப் பள்ளி வாசலில் நிறுத்துகிறோம். கல்யாணத்துக்கு முன் அதே தலையை நேராக்கிவிடுகிறோம். நடுவில் என்ன நடந்தது என்று நம் வரலாற்றையும் யாராவது எழுத வேண்டும்.

அமெரிக்காவில் இப்போது சில பெண்கள் மறுபடியும் ரிலாக்ஸருக்குத் திரும்புகிறார்கள். சுருள் முடியைப் பராமரிக்க ஆகும் நேரம் வாரத்தில் ஒரு நாளையே தின்றுவிடுகிறது, இரண்டு வேலை பார்ப்பவள் அதற்கு எங்கே போவாள் என்கிறார்கள். அவர்களைக் கொள்கை மாறியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். செயின்ட் லூயிஸில் துணி துவைத்த சாராவிடமும், ஜான்ஸ் தீவில் பாடம் நடத்திய பெர்னிஸிடமும் கேட்டிருந்தால், தலையை எப்படி வைத்துக்கொள்கிறாள் என்பதைவிட, அதை மாற்றிக்கொண்ட மறுநாளும் அவளுக்கு வேலை இருக்குமா என்றுதான் பார்க்கச் சொல்லியிருப்பார்கள்.